மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நிறை குறைந்த புறக்கோளை (வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை) அளக்க முடியுமா?

லயத்துவானம்:
எங்கள் இடைநிலைப்பள்ளி வானியல் மன்றத்தில் 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி, விண்மீனைத் தொடரும் ஈக்வட்டோரியல் மவுண்ட், குளிரூட்டிய கறுப்பு வெள்ளை சீமோஸ் கேமரா இருக்கின்றன. பள்ளிப் பாடாங்கில் வைக்கலாம். மூன்று பக்கம் செம்பனை, ஒரு பக்கம் ஆலை. படிவம் 4 மாணவர்கள் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனைச் சுற்றும் பிராக்சிமா செண்டாரி பி கோளைத்தான் கேட்கிறார்கள். 4.24 ஒளியாண்டுதானே டீச்சர், பக்கத்தில்தானே இருக்கிறது என்கிறார்கள். ஒளியைப் பிரிக்கும் நிறமாலைக் கிரேட்டிங் வாங்கினால், கோள் இழுப்பதால் அந்த விண்மீனுக்கு வரும் தள்ளாட்டம் தெரியுமா? தெரியாது என்றால், வியாழனை விட மிகச் சிறிய கோள் வேறு ஏதாவது உண்டா?

நிறமாலை:
கிரேட்டிங் வாங்க வேண்டாம் டீச்சர். பக்கத்தில் இருப்பதால் கூடுவது வெளிச்சம் மட்டுமே. தள்ளாட்ட வேகத்துக்கும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கோள் 11.2 நாளுக்கு ஒருமுறை சுற்றி, விண்மீனை விநாடிக்கு சுமார் 1.4 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் இழுக்கிறது. நாம் நடக்கிற வேகம்தான். 2016இல் அதைக் காட்டிக்கொடுத்த ஹார்ப்ஸ் நிறமாலைக் கருவி, சிலியின் லா சில்லாவில் 3.6 மீட்டர் தொலைநோக்கியோடு, வெற்றிடக் கலனுக்குள், வெப்பநிலை 0.01 பாகைக்கு மேல் அசையாமல் இயங்குகிறது. அதிலேயே ஒரு பிக்சல் ஏறக்குறைய 800 மீ/வி வேக மாற்றத்துக்குச் சமம். அப்படியானால் 1.4 மீ/வி என்பது பிக்சலில் ஏறக்குறைய 570இல் ஒரு பங்குதான். நிறமாலையில் தெரியும் ஆயிரக்கணக்கான கறுப்பு உட்கவர் கோடுகளை ஒன்றாகச் சேர்ப்பதால்தான் அது தெரிகிறது. போதாக்குறைக்கு பிராக்சிமா வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 62.7 பாகையில் இருக்கிறது. உங்கள் ஊரில் உச்சிக்கு வந்தாலும் 22 பாகை உயரம்தான், செம்பனை மட்டைக்குள் போய்விடும்.

ஒளிவளைவு:
கோள் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளி குறைவதை அளக்கும் கடப்பு முறைக்கு மாறுங்கள். இலக்கு ஜிஜே 1214 பி என்ற கோள். 2009இல் கோள் தேடும் எம்எர்த் குழு 40 செ.மீ. தொலைநோக்கிகளால் கண்டது, நிறை பூமியைப் போல் சுமார் 8 மடங்கு. பூமி சூரியனைக் கடந்தால் ஒளி 0.0084 விழுக்காடுதான் குறையும். இங்கே விண்மீன் சூரியனின் ஆரத்தில் 0.21 பங்குதான் என்பதால் 1.3 விழுக்காட்டுக்கு மேலேயே குறைகிறது. இன்னொரு வசதி, அதன் நடுவரை விலக்கம் (வான நடுக்கோட்டிலிருந்து உள்ள கோணம்) வடக்கே ஏறக்குறைய 5 பாகை. உங்கள் ஊரும் கிட்டத்தட்ட அதே அட்சரேகை, தலைக்கு நேர் மேலே போகும். ஜூன் நடுவில் இரவு 1 மணி வாக்கில் உச்சியில் இருக்கும்.

கடப்பு 52 நிமிடம். முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரம் எடுங்கள். ஒரு படம் 60 விநாடி. ஒரு புள்ளிக்கு 0.5 விழுக்காடு அளவில் பிழை வரும், போதும். விண்மீன் மங்கல் என்பதால் குவியத்தைத் தளர்த்தக் கூடாது. அந்த உத்தி பிரகாசமான விண்மீனுக்கு.

வடிகட்டிதான் எல்லாவற்றிலும் முக்கியம். இது கடும் சிவப்பு விண்மீன், ஒளியை ஒப்பிட எடுக்கும் பக்கத்து விண்மீன்களோ வெளிர்நிறம். காற்றில் ஈரம் மாறினால், நீராவி ஒளியை உறிஞ்சும் 940 நானோமீட்டர் பக்கத்தில் சிவப்பு விண்மீன்தான் அதிகம் மங்கும். கோள் இல்லாமலே கடப்பு மாதிரி ஒரு சரிவு வரைந்துவிடும். எம்எர்த் குழுவையே படுத்திய பிரச்சினை இது, நம் ஈரத்தில் கேட்கவா வேண்டும். ஆகவே வடிகட்டி இல்லாமல் எடுக்காதீர்கள். அந்த 940 நானோமீட்டருக்கு முன்பே வெட்டும் சுலோன் ஐ வடிகட்டி போடுங்கள். ஆலை நீராவி அந்தப் பக்கம் வீசும் இரவை விட்டுவிடுங்கள்.

லயத்துவானம்:
மவுண்டின் அச்சு எங்கள் அட்சரேகையான 5 பாகைக்கு இறங்கவில்லை, எதிர்எடை முக்காலிக் காலில் இடிக்கிறது. துருவ விண்மீனும் மரத்துக்குப் பின்னால். என்ன செய்யலாம்?

நிறமாலை:
வடக்குக் காலைக் குறைத்து, தெற்குக் கால்களை நீட்டி முக்காலியையே வடக்கே சாயுங்கள். மவுண்டின் அளவுகோல் 15 காட்டினால் மீதி 10 பாகை சாய்வில் வரும். கவிழாமல் கால்களில் மணல் மூட்டை. துருவ விண்மீன் வேண்டாம், படத்தில் விண்மீன் நகர்வதைப் பார்த்துத் திருத்தும் நகர்வு முறையில் சீரமைக்கலாம்.

உச்சியைக் கடக்கும்போது மவுண்ட் புரளும், படம் 180 பாகை திரும்பும், விண்மீன் வேறு பிக்சல்களுக்குப் போகும். பிளாட் படம் (பிக்சல்களின் வெளிச்ச வேறுபாட்டைத் திருத்தும் படம்) சரியில்லை என்றால் அந்த நிமிடத்தில் ஒளிவளைவில், அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், ஒரு படி விழும். அதைக் கடப்பின் தொடக்கம் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். கடப்பு முழுவதும் உச்சிக்கு ஒரே பக்கம் விழும் இரவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒளிவளைவு:
ஒப்புக்கொள்கிறேன். அளவிட ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருள், இலவசம். நேரத்தை, சூரிய மண்டல நிறைமையத்திலிருந்து கணக்கிடும் பிஜேடி டிடிபி-க்கு மாற்றுங்கள். விட்டால் பூமியின் இருப்பால் மட்டும் 8 நிமிடம் வரை தவறும். கணினிக் கடிகாரத்தை அன்று மாலையே இணையத்தோடு ஒத்திசையுங்கள்.

சரிவு 0.0135 (1.35 விழுக்காடு) என்று வந்தால் வர்க்கமூலம் 0.116, இது கோளின் ஆரத்துக்கும் விண்மீனின் ஆரத்துக்கும் உள்ள விகிதம். அதை விண்மீனின் 0.21ஆலும், சூரிய ஆரம் எத்தனை பூமி ஆரம் என்பதைக் குறிக்கும் 109ஆலும் பெருக்கினால் 2.7 பூமி ஆரம். இந்தக் கணக்கை மாணவர்களே போடலாம். நிறை மட்டும் இதில் வராது. அது ஹார்ப்ஸ் அளந்த தள்ளாட்டத்திலிருந்து வந்தது.

நிறமாலை:
தள்ளாட்டமும் எப்போதும் கோளால்தான் என்று இல்லை. பார்னார்டு விண்மீனுக்கு 2018இல் 233 நாள் கோள் என்றார்கள். பிறகு அது விண்மீனின் சொந்தச் செயல்பாடு என்று தெரிந்தது. 2024இல் எஸ்பிரெசோ நிறமாலைக் கருவி கண்ட 3.15 நாள் கோள் நிலைத்தது. தள்ளாட்ட வீச்சு சுமார் அரை மீ/வி. உங்கள் வளைவிலும் ஜிஜே 1214 போன்ற சிவப்புக் குள்ளன் (சிறிய, குளிர்ந்த விண்மீன்) திடீரென்று தீச்சுடர் விடலாம். மேல்நோக்கிச் செங்குத்தாக ஏறி மெல்ல இறங்கினால் அந்தப் புள்ளிகளைக் குறித்துவைத்து வளைவுப் பொருத்தத்திலிருந்து விலக்குங்கள், அழிக்க வேண்டாம்.