டபிள்ஸ் ஓடச் சொக் மாற்றவேண்டுமா? "கடைசிக் காடி" ஆட்களுக்கு ஒரு கேள்வி

வலையிறவான்:
நேற்று வேறொரு குழுவில் வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கலியாணம் கட்டிய புதிது. மனைவியை ஏற்றினால் 150 பைக்கின் பின்பக்கம் இருந்துவிடுகிறதாம், பள்ளத்தில் விழுந்தால் 'டக்' என்று அடிக்கிறதாம், நல்ல சொக் அப்சோபர் எது வாங்கலாம் என்பது கேள்வி. அதற்கு ஒரு மேதை எழுதிய பதில்: "காசைக் கரியாக்காதே தம்பி. பின் சொக்கின் கொலரைக் கடைசிக் காடியில் வை, ஸ்பிரிங் கடினமாகிவிடும், வேலை முடிந்தது." கீழே வரிசையாக நன்றி வேறு.

ஸ்பிரிங் கடினமாகாது. கொலர் என்பது ஸ்பிரிங்கின் நுனியைத் தாங்கும், படிபடியாகக் காடி வெட்டிய வளையம். அதைக் கிறுக்கினால், அதாவது திருகினால், ஸ்பிரிங் கொஞ்சம் நசுங்கி நிற்கும், சீட் உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிப்பிலும் சுருளின் விட்டத்திலும் எத்தனை சுருள் என்பதிலும் இருக்கிறது. கொக்கி ஸ்பனரால் கம்பியைத் தடிப்பாக்க வழியிருந்தால் எனக்கும் சொல்லுங்கள், வீட்டு கேட்டுக்குக் கம்பி தேவைப்படுகிறது.

கல்முனைக் காக்கா:
அந்த மேதை நான்தான். பெயரைப் போட்டே எழுதியிருக்கலாமே தம்பி, ஒளித்து நின்று கல்லெறிவானேன்? சொக் கழற்றிப் பூட்டித்தான் என் வீட்டில் சோறு வேகிறது. முதல் காடியில் வைத்துச் சீட்டை அமத்திப் பாரும். மறுகா கடைசிக் காடியில் வைத்து அமத்திப் பாரும். எது கடினம் என்று கை சொல்லும். கைக்குத் தெரிவது உமது கணக்குக்குத் தெரியவில்லை என்றால் கணக்கைத் திருத்தும்.

வலையிறவான்:
கை பொய் சொல்லும் காக்கா, கணக்குச் சொல்லாது. ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. நசுக்க 20 நியூட்டன் வேண்டும் என்று வைப்போம். இரண்டு பக்கமும் சேர்த்து 40. கொலரால் 10 மி.மீ. முன்கூட்டியே நசுக்கிவிட்டால், முதல் அசைவுக்கு மட்டும் 400 நியூட்டன் மேலதிகமாக வேண்டும், ஏறத்தாழ 40 கிலோ பாரம். அதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் அதே 40தான். 41 கூட ஆகாது. ஆக ஸ்பிரிங் கடினமாகவில்லை.

கல்முனைக் காக்கா:
40 கிலோ கூடுதலாகத் தாங்குகிறது என்று நீரே எழுதிவிட்டு, கடினமாகவில்லை என்று நீரே முடிக்கிறீர். சுபஹானல்லாஹ்.

ஏறாவூர்_150:
இரண்டு பேரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். காஸ் சொக் போட்டால் இந்தக் கொலர்ச் சண்டையே இல்லை. பக்கத்தில் குப்பி வைத்து வருகிறதே, அதற்குள் இருக்கும் நைதரசன் வாயுதான் பின்னால் இருப்பவரின் பாரத்தைத் தூக்கிப் பிடிக்கும். பல்சரில் "நைட்ரொக்ஸ்" என்று சும்மாவா பெயர் போட்டிருக்கிறார்கள்?

வலையிறவான்:
ஐயோ. வாயு பாரம் தூக்காது. பாரம் தூக்குவது ஸ்பிரிங். கரடுமுரடான றோட்டில் சொக் விடாமல் மேலும் கீழும் ஓடும்போது உள்ளே இருக்கிற ஒயில் சூடாகி நுரைக்கும். நுரைத்தால் டாம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் வேலை, போய்விடும், பைக் துள்ளத் தொடங்கும். ஒயிலை அழுத்தத்தில் வைத்து அந்த நுரையைத் தடுக்கத்தான் நைதரசன். செங்கலடியிலிருந்து கரடியனாறு, மகாஓயா தாண்டிப் பிபிலை மட்டும் டபிள்ஸ் போகிறவருக்கு அது உதவும். பாரத்துக்கு அல்ல. ஆனால் நான் தொடங்கியது அதுவும் இல்லை. கொலரைக் கிறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகுமா? ஆகாது.

ஏறாவூர்_150:
என் மாமா காஸ் சொக் போட்டிருக்கிறார். மாமியோடு போகிறார். இடிக்கவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

திருக்கோவில்_ஓட்டி:
வலையிறவான் அண்ணன் மறுபடியும் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். போனமுறை என்ஜின் ஒயில் விஷயத்தில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்களை எல்லாம் முட்டாள் என்றார். நான் இன்னும் அதைத்தான் ஊற்றுகிறேன், என் பைக் இன்னும் ஓடுகிறது. சும்மா நினைவூட்டினேன்.

படுவான்கரைப் பொடியன்:
வணக்கம். அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். எனக்காக இவ்வளவு பேர் மினக்கெடுவது சந்தோசம். விபரம் சொல்கிறேன். நாங்கள் கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே. மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்கு ஏறி, அங்கிருந்து ரவுணுக்கு வருவோம். பாலம் மட்டும் வருகிற துண்டுதான் பிரச்சினை, கிரவல். நான் 62 கிலோ. இரவில் மனைவியோடு வந்தால் ஹெட்லைட் தென்னையில் குரும்பை தேடுகிறது, எதிரே வருகிறவர்கள் ஏசுகிறார்கள். வளைவில் முன்சில்லு இலேசாக இருப்பதுபோலத் தெரிகிறது. இன்னொன்று, இடப்பக்கச் சொக்கின் தண்டில் ஒயில் கசிந்து புழுதி ஒட்டியிருக்கிறது. அதைத் துடைத்தாலும் இரண்டொரு நாளில் மறுபடி ஈரமாகிவிடுகிறது.

திருக்கோவில்_ஓட்டி:
கசிகிறதா? அப்படியென்றால் சீல் போய்விட்டது தம்பி. டாம்பிங் இல்லாத சொக்குக்குக் காடியும் ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான். முதலில் அதை மாற்று, இரண்டு பக்கமும் சோடியாக. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்ப விட்டார்கள். இடையில் எல்லாரும் பழைய பைக்கையே உருட்டியதில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அது சரி, மனைவி எத்தனை கிலோ? அது தெரியாமல் ஸ்பிரிங் சொல்ல முடியாது.

பின்சீட்டுக்காரி:
அந்தப் பிள்ளையின் நிறையைப் பொதுவில் கேட்க வெட்கமில்லையா? மீன் நிறுப்பதுபோல் கேட்கிறீர்கள்.

திருக்கோவில்_ஓட்டி:
அக்கா, பாரம் தெரியாமல் சொக் எப்படிச் சொல்வது? பின்னால் இருப்பவரின் பாரம் கிட்டத்தட்ட முழுதும் பின்சில்லில்தான் விழும். இது விஞ்ஞானம்.

பின்சீட்டுக்காரி:
ஓம், உங்கள் விஞ்ஞானத்தில் ஓட்டுகிறவரின் தொப்பை மட்டும் கணக்கில் வராது. பின்னால் இருந்து எலும்பு நோகிறவள் நான். என் மனுசனும் காக்காவின் பதிலைப் பார்த்துக் கடைசிக் காடியில் வைத்தார். இரண்டு பேரும் போனால் இடிப்பது குறைந்துதான் இருக்கிறது. ஆனால் அவர் தனியாக வேலைக்குப் போகும்போது பின்சில்லு துள்ளித் துள்ளி வருகிறது என்கிறார். ஒவ்வொரு முறையும் ஸ்பனர் எடுத்துக் காடி மாற்ற அவருக்குப் பஞ்சி.

கல்முனைக் காக்கா:
கேட்டீர்களா? துள்ளுகிறது. ஏன் துள்ளுகிறது? ஸ்பிரிங் கடினமாகிவிட்டது! சாட்சியே வந்துவிட்டது.

வலையிறவான்:
சாட்சி எனக்கு. தனியாக ஏறும்போது சொக் கொஞ்சமாவது கீழே இறங்கவேண்டும். இறங்கினால்தான் பள்ளம் வரும்போது சில்லு கீழே நீள இடமிருக்கும். கடைசிக் காடியில் வைத்து ஒற்றை ஆள் ஏறினால் அந்த இறக்கம் இல்லை. சொக் முழு நீளத்தில் நின்று மேல் முட்டில் அடிக்கிறது, சில்லு றோட்டை விடுகிறது. கடினமானதால் அல்ல.

அளந்து பாருங்கள். பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டுப் பின்சில்லைத் தொங்கவிடுங்கள். அச்சு நட்டிலிருந்து நேர் மேலே, வால் பக்கத்தில் பேனையால் குறித்த புள்ளி மட்டும் அளவுநாடா பிடியுங்கள். பிறகு ஸ்டாண்டை விட்டு இரண்டு பேரும் ஏறியிருக்க, மூன்றாவது ஆள் அதே இடத்தை அளக்கட்டும். வித்தியாசம்தான் இறக்கம். பின்சில்லு மேலும் கீழும் போகக்கூடிய மொத்த ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்களவு இருந்தால் சரி. கடைசிக் காடியிலும் பாதிக்கு மேல் இறங்கினால் உங்கள் ஸ்பிரிங் உங்கள் பாரத்துக்குக் காணாது, தடித்த ஸ்பிரிங் வேண்டும். கொலரால் அதை ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் கொலர் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது.

ஏறாவூர்_150:
வேறு பைக்கின் நீளமான சொக்கைப் போட்டால் உயரமும் வரும், இந்த அளவெல்லாம் தேவையுமில்லை.

வலையிறவான்:
போடுங்கள். பின்சில்லைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆமில் செயின் உரசும், பக்க ஸ்டாண்டில் நிறுத்தினால் பைக் படுத்துவிடும். மாற்றுகிறவர்கள் பழைய சொக்கின் மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண் மட்டும் உள்ள நீளத்தையும் கண்ணுக்குள் போல்ட் போகிற புஷ் துவாரத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். தடித்த ஸ்பிரிங் வாங்கினால் அதற்கேற்ற ரிபவுண்ட் டாம்பிங், அதாவது நசுங்கிய ஸ்பிரிங் திரும்பி நீளும் வேகத்தை அடக்குவது, உள்ளதாக வாங்குங்கள். ஸ்பிரிங் மட்டும் தடித்து டாம்பிங் பழையதென்றால் பள்ளத்தில் விழுந்த பிறகு பின்னால் இருப்பவரைத் தூக்கியெறியும்.

பின்சீட்டுக்காரி:
அப்புறம் காற்று? எங்கள் செயின் கவரில் ஒட்டியிருக்கிறது, பின்டயருக்குத் தனியாக 28, இரண்டு பேருக்கு 32 பி.எஸ்.ஐ. என்று. பெற்றோல் செட்டில் யாராவது கேட்டு அடிக்கிறார்களா?

கல்முனைக் காக்கா:
காற்றைப் பிறகு பார்ப்போம் தங்கச்சி. தம்பி வலையிறவான், நான் ஒன்று கேட்கிறேன், சுற்றிவளைக்காமல் பதில் சொல்லும். சில சொக்கில் ஸ்பிரிங்கின் ஒரு நுனியில் சுருள் நெருக்கமாகவும் மற்ற நுனியில் அகலமாகவும் இருக்கும். பார்த்திருக்கிறீரா, அல்லது படத்தில் மட்டுமா? அதில் கொலரைக் கிறுக்கினால் நெருங்கிய சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சுருள் வேலை செய்யாது. மிச்சம் இருப்பது அகலச் சுருள்தான். சுருள் குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நீர்தானே முதல் பதிவில் பாடம் நடத்தினீர்? இப்போது சொல்லும், கடினமாகுமா ஆகாதா? பஜாஜ் சி.ரி.100 பைக்கில் ஸ்பிரிங்குக்குள் இன்னொரு ஸ்பிரிங் இருக்கிறது, அதையும் உமது 40 கணக்கில் போட்டுக் காட்டும்.

வலையிறவான்:
அது வேறு கதை. நான் பேசியது சீரான சுருள் ஸ்பிரிங்கைப் பற்றி.

கல்முனைக் காக்கா:
எந்த வரியில் சீரான சுருள் என்று எழுதினீர்? காட்டும். "ஸ்பிரிங் கடினமாகாது" என்றுதான் மேலே நிற்கிறது.

வலையிறவான்:
நீங்கள் மட்டும் நெருக்கச் சுருள் என்று எழுதினீர்களா? "கடைசிக் காடியில் வை, கடினமாகிவிடும்" என்று எல்லா பைக்குக்கும் சேர்த்துத்தானே தீர்ப்புச் சொன்னீர்கள்? அந்தப் பொடியனின் பைக்கில் எந்த ஸ்பிரிங் என்று கேட்டீர்களா? இல்லை. கல்முனையில் உட்கார்ந்துகொண்டு கொக்கட்டிச்சோலைப் பைக்குக்குக் காடி வைக்கிறீர்கள்.

கல்முனைக் காக்கா:
ஓ, இப்போது கல்முனை பிழையாகிவிட்டதா? மட்டக்களப்பு ரவுணில் முன்சொக்கின் போர்க் ஒயில் மாற்றத் தெரியாமல் எங்களிடம் கொண்டுவருகிறவர்களின் பட்டியல் போடட்டுமா?

ஏறாவூர்_150:
இரண்டு ஊரிலும் காஸ் சொக் விலை அதிகம். ஏறாவூரில் குறைவு.

படுவான்கரைப் பொடியன்:
அண்ணன்மாரே, நெருக்கச் சுருளா என்று இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மண் அப்பியிருப்பதால் தெரியவில்லை. கழுவிவிட்டுச் சொல்கிறேன். இடப்பக்கம் இன்றைக்கும் ஒயில் வந்திருக்கிறது.

வலையிறவான்:
கழுவியதும் படம் போடுங்கள் தம்பி. சீரான சுருள்தான் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்முனைக் காக்கா:
நெருக்கச் சுருள்தான் வரும். வராவிட்டாலும் கடைசிக் காடியில் அமத்திப் பார் தம்பி, கடினமாகத்தான் இருக்கும். உங்கள் வலையிறவு அண்ணனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வா. தராசு இருக்கிறது, அளவுநாடா இருக்கிறது, பிளேன்டியும் தருவேன். எல்லார் முன்னாலும் அளப்போம்.

வலையிறவான்:
நான் ஏன் கல்முனைக்கு வரவேண்டும்? நீங்கள் கல்லடிக்கு வாருங்கள்.

ஏறாவூர்_150:
நடுவில் களுவாஞ்சிக்குடியில் வையுங்கள்.

வலையிறவான்:
களுவாஞ்சிக்குடி நடுவா? அது காக்காவுக்குத்தான் கிட்ட.

திருக்கோவில்_ஓட்டி:
எனக்கு எல்லாமே தூரம்தான், ஆனாலும் வருவேன். 20டபிள்யூ-50 ஒரு போத்தலும் கொண்டு வருகிறேன், அதையும் அன்றைக்கே தீர்ப்போம்.

வலையிறவான்:
அது எப்போதோ தீர்ந்த விஷயம்.

திருக்கோவில்_ஓட்டி:
யார் தீர்த்தது?