பினாங்கில் பழங்காலச் சாமான் நிறைந்த வாடகை வீடு: அம்மாவோடு தங்கலாமா?

சிப்புட்காரன்

வணக்கம். எனக்கு ஊர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். வருகிற பள்ளி விடுமுறையில் அம்மாவைப் பினாங்குக்குக் கூட்டிப்போய் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று நினைக்கிறேன். இதுவரை எங்களுக்குப் பினாங்கு என்றால் விடியற்காலையில் கிளம்பி, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டு, ராத்திரியே திரும்பிவிடுகிற கதைதான். அம்மாவுக்கு 72 வயது ஆகிறது. ஒரு தடவையாவது அவசரமில்லாமல் இருக்கட்டும் என்று ஆசை.

மனைவி இணையத்தில் ஒரு வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறாள். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், பழைய கடைவீடு ஒன்றின் மாடி. படத்தில் பார்த்தால் காட்சிசாலை மாதிரி இருக்கிறது. சலவைக்கல் மேசை, சிப்பி பதித்த கறுப்பு மர நாற்காலிகள், நாலு கம்பம் வைத்த கட்டில், தரையெல்லாம் பூப்போட்ட ஓடு. ஓர் இரவுக்கு 360 வெள்ளி (ரிங்கிட்). டெபாசிட் 300. அது போக வீட்டு விதிகள் என்று இரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். நாற்காலிகளை நகர்த்தக் கூடாது, மேசைமேல் சூடான பாத்திரம் வைக்கக் கூடாது, காரமான சமையல் கூடாது. என் சின்னவனுக்கு ஏழு வயது. அவன் நடக்கிற ஜாதி இல்லை, பறக்கிற ஜாதி. அந்த 300 வெள்ளியை இப்போதே மறந்துவிடலாமா என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு மூட்டு வலி வேறு. ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. படங்களில் ஒன்றில் ஜன்னலோரமாக ஒரு சாய்வு நாற்காலி. பிரம்பு பின்னல், கைப்பிடிக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு கட்டை வெளியே வரும், அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். அம்மா என் கைப்பேசியை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது துரை நாற்காலிடா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு ஒன்றும் பேசவில்லை. பாட்டி எஸ்டேட்டில் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். அம்மாவும் சின்ன வயதில் கூடப் போயிருக்கிறார். அப்புறம் அம்மா முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டினார். அந்த வீட்டுச் சுவரில் பால் வெட்டும் கத்தியும் பால் பிடிக்கும் மங்கும்கூட மாட்டி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து அம்மாவை அங்கே கூட்டிப்போவது சரியா? இந்த மாதிரி வீட்டில் தங்கியவர்கள் சொல்லுங்கள்.

கோட்டுப்பால்

அண்ணே, 360 வெள்ளி கொடுத்து மங்கு பார்க்கணுமா? எங்க வீட்டுக் கோழிக்கூண்டுக்குள்ளே நாலு கிடக்கு, வந்து சும்மாவே பார்க்கலாம் லா. எஸ்டேட்டு லயத்து வீட்டைக் காலி பண்ணினப்போ எங்கப்பா ஒரு சாக்கு மங்கையும் பால் சுமக்கிற இரண்டு காண்டா வாளியையும் பழைய இரும்புக்காரனுக்கு எட்டு வெள்ளிக்குப் போட்டார். தூக்கிப்போட லாரிக்காரனுக்கு வாங்கிக் கொடுத்த தேத்தண்ணி தனிக் கணக்கு. அதையெல்லாம் வைத்திருந்தால் இன்றைக்கு நானும் சுவரில் மாட்டி வாடகைக்கு விட்டிருப்பேன்.

தச்சுப்பட்டறை

பட்டர்வொர்த்தில் பழைய மரச்சாமான் பழுது பார்க்கும் வேலை எனக்கு. கேட்டதற்குச் சொல்கிறேன்.

டெபாசிட் பயம் நியாயமானது. ஆனால் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள். பழைய மேசை அலமாரிகளில் இருக்கும் பளபளப்பு பெரும்பாலும் அரக்கு மெருகு. சூடான கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதைவிட மோசம், கை கழுவும் சானிடைசர். அதில் இருப்பது ஆல்கஹால், அரக்கு அதில் கரைந்துவிடும். கோவிட்டுக்குப் பிறகு என் பட்டறைக்கு வந்த மேசைகளில் பாதிக்கு மேல் போத்தல் அடி வடிவத்தில் தழும்பு. சானிடைசரைக் குளியலறையிலேயே வைத்துவிடுங்கள்.

சலவைக்கல்லுக்குச் சூடு அவ்வளவு பெரிய எதிரி இல்லை, புளிப்புதான் எதிரி. எலுமிச்சை, காடி, ரசம், அசாம் லக்சா, எது சிந்தினாலும் அந்த இடம் மங்கிப்போகும். துடைத்தால் போகாது, ஏனென்றால் அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்டிருக்கிறது. திரும்பத் தேய்த்து மெருகு ஏற்றினால்தான் சரியாகும். பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று கையோடு கொண்டுபோங்கள். பிரம்பு நாற்காலியில் உட்காரலாம், யாரும் அதன்மேல் முட்டிபோடவோ ஏறி நிற்கவோ கூடாது. உங்கள் சின்னவனுக்கு இந்த ஒரு விதியை மட்டும் சொல்லுங்கள், மற்றதை விடுங்கள்.

போனவுடன் பையை இறக்குவதற்கு முன்னால் கைப்பேசியில் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். கீறல், உடைந்த கைப்பிடி, தொங்கும் பிரம்பு எல்லாம். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

சாமான் எல்லாம் உண்மையிலேயே பழையது என்று நம்ப வேண்டாம். இழுப்பறையை வெளியே இழுத்து, மூலையில் பல்லும் பல்லும் கோத்திருக்கிற இடத்தைப் பாருங்கள். எல்லாப் பல்லும் அச்சு அடித்ததுபோல ஒரே அளவாக இருந்தால் இயந்திர வேலை. கையால் வெட்டியது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இவ்வளவு சாமான் எப்படி வெளியே வந்தது என்று நிறையப் பேர் கேட்பார்கள். பினாங்கு ஜார்ஜ் டவுன் கடைவீடுகள் ரொம்பக் காலம் 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் இருந்தன. கீழே கடை, மேலே மூன்று நாலு குடும்பம், வாடகை சொற்பம். அந்தச் சட்டத்தை 1997-ல் ரத்து செய்தார்கள், 1999 முடிவோடு குடித்தனக்காரர்களுக்கு இருந்த பாதுகாப்பும் போனது. 2000-ல் வாடகை எகிற, பழைய ஆட்கள் பாயான் லெப்பாஸ், ஆயர் ஈத்தாம், இந்தப் பக்கம் பட்டர்வொர்த் என்று கிளம்பிவிட்டார்கள். அடுக்குமாடி வீட்டுக்குள் நாலு கம்பக் கட்டில் எங்கே நுழையும்? நான் அப்போது வேலை கற்றுக்கொண்டிருந்தேன், பட்டறையில் நிற்க இடமில்லை. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் சேர்ந்த பிறகு அதே கட்டில்கள் மெருகேறி அதே தெருவுக்குத் திரும்பிப் போயின, ராத்திரி வாடகைக்கு.

குலிம் அக்கா

தம்பி, நாங்கள் அந்த வட்டாரத்தில் இப்படி ஒரு வீட்டில் இரண்டு தடவை தங்கியிருக்கிறோம். நாற்காலி, மேசையை விடுங்கள், முதலில் கழிவறை எங்கே என்று கேளுங்கள். நாங்கள் தங்கியதில் ஒன்றில் படுக்கை மாடியில், கழிவறை கீழே முற்றத்தைத் தாண்டி. படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், ஒரு பக்கம்தான் பிடி. மூன்று தடவை எழுந்திருக்கிற அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. மாடியிலேயே கழிவறை இருக்கிறது என்று வீட்டுக்காரர் எழுத்தில் சொன்னால் மட்டும் பணம் கட்டுங்கள்.

காரில் போகாதீர்கள். அந்தத் தெருக்களில் நிறுத்த இடம் தேடியே உங்களுக்கு ஒரு நாள் போய்விடும். இப்போது படகில் கார் ஏற்றுவதும் இல்லை, ஆள்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிளும்தான். உங்கள் ஊரிலிருந்தே ஈ.டி.எஸ். மின்சார ரயில் இருக்கிறதே. பட்டர்வொர்த்தில் இறங்கினால் படகுத்துறை பக்கத்திலேயே. அம்மாவுக்குக் கடல் காற்றும் ஆச்சு. அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் லிட்டில் இந்தியா கிட்டத்தில்தான்.

லெபு குவீன் (குவீன் தெரு) மகாமாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தே போகலாம், 1833-ல் எழுப்பிய கோயில். ஆனால் கடைகளுக்கு முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில் நடக்கும்போது அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வொரு உயரம், நடுவில் மோட்டார் சைக்கிளை வேறு நிறுத்தி வைத்திருப்பார்கள்.

தைப்பூச வாரத்தில் மட்டும் இந்த வீடுகளைக் கேட்காதீர்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் லெபு பினாங்கு கோயில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்படும். பார்க்கக் கண் கோடி வேண்டும், சரி. ஆனால் வாடகை இரண்டு மடங்கு, சாலை மூடல், தூக்கம் பூஜ்யம்.

துரை நாற்காலி பற்றி அம்மாவையே கேட்டுவிட்டால் என்ன?

சிப்புட்காரன்

எல்லோருக்கும் நன்றி. கழிவறை மாடியிலேயே இருக்கிறதாம், எழுத்தில் வாங்கிவிட்டேன். அக்கா சொன்னபடி அம்மாவையும் கேட்டேன். "அந்த நாற்காலிக்காகத்தான் போறோமா? கோயிலுக்குப் பக்கம்னா போட்டுடு" என்றார். போட்டுவிட்டேன்.

சிப்புட்காரன்

போய் வந்தாச்சு.

படி செங்குத்துதான், 21 படி. அம்மா பக்கவாட்டில் ஒவ்வொன்றாக ஏறி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கட்டில் அவர் இடுப்பு உயரம். ஏறிப் பார்த்துவிட்டு, "இதில் தூங்கினால் விழுந்துதான் எழுந்திருக்கணும்" என்று இறங்கிவிட்டார். கொண்டுபோன பாயை விரித்துப் பூ ஓட்டுத் தரையில் படுத்தார். நல்ல குளிர்ச்சி என்றார். 360 வெள்ளிக் கட்டிலில் பிள்ளைகள் குதித்தார்கள்.

முதலில் கத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுவரில் அதற்குக் கீழே சின்னப் பலகையில் 1920கள் என்று எழுதியிருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். கைப்பிடியில் சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றியிருந்தது. வியர்வையில் வழுக்காமல் இருப்பதற்காக அவரும் அப்படித்தான் சுற்றுவாராம். "இது எங்க காலத்துச் சாமான், 1920-ஆவது ஒண்ணாவது" என்றார். துரு பிடித்திருந்ததுதான் அவருக்குக் கோபம். ராத்திரியே தீட்டி வைக்காமல் யாரும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகமாட்டார்களாம். மங்கைக் கழற்றி, கவிழ்த்து, மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். வாசனை இல்லை என்று திரும்ப மாட்டினார்.

நாற்காலிப் பக்கம் முதல் நாள் முழுக்க அவர் போகவே இல்லை. சாயங்காலம் சின்னவன் அந்த நீளக் கட்டையை உள்ளேயும் வெளியேயும் இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். நான் அதட்டினேன். அம்மா எழுந்து வந்தார். கட்டையை வெளியே திருப்பி, "துரை இதில் காலைப் போட்டுக்குவார், பாட்டி பூட்ஸைக் கழற்றுவாங்க" என்று அவனுக்குக் காட்டினார். அப்புறம் குனிந்து பின்னலை உள்ளங்கையால் அழுத்தினார். நடுவில் தொய்ந்திருந்தது. என்னிடம் வெந்நீரும் ஒரு துணியும் கேட்டார். எனக்கு அந்த இரண்டு பக்க விதிகள் ஞாபகம் வந்தன. வேண்டாம்மா என்றேன். கேட்கவில்லை.

நாற்காலியை மெதுவாகச் சாய்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை மட்டும் துணியால் நன்றாக நனைத்தார். மேல்பக்கத்தைத் தொடவில்லை. மரத்தில் சிந்திய சொட்டை உடனே முந்தானையால் துடைத்தார். பாட்டி சனிக்கிழமை தோறும் செய்த வேலையாம், துரை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளைக் கூப்பிடுவாராம். "ராத்திரி யாரும் உட்காராதீங்க" என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நான்தான் தூங்கவில்லை.

காலையில் தட்டிப் பார்த்தேன். மேளம் மாதிரி நிற்கிறது.

கோயிலுக்குப் போய்வந்து, கடையில் தோசை வாங்கிப் பசியாறி, பத்து மணிக்கு அம்மா அதில் உட்கார்ந்தார். காலைக் கட்டையில் போடவில்லை, தரையில்தான் ஊன்றியிருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். "முதுகுக்கு ஆகல. துரை எப்படித்தான் உட்கார்ந்தாரோ" என்று எழுந்து மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

இழுப்பறையும் இழுத்துப் பார்த்தேன் தச்சரே. பல் எல்லாம் ஒரே அளவு. கத்தி தேதி பொய், அலமாரியும் பொய். நாற்காலி மட்டும் உண்மை என்று அம்மா சொல்கிறார்.

தச்சுப்பட்டறை

அம்மா செய்தது சரியான முறை. பிரம்பு ஈரத்தில் இளகும், காயும்போது சுருங்கி இறுகும். மேல்பக்கம் வழவழப்பான தோல், அதில் தண்ணீர் இறங்காது, அதனால்தான் அடியில் நனைப்பது. அறுந்த பின்னலுக்கு இது உதவாது, தொய்வுக்கு மட்டும். நான் இதற்கு 40 வெள்ளி வாங்குவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கோட்டுப்பால்

டெபாசிட் வந்துச்சா அண்ணே?

சிப்புட்காரன்

மூன்றாம் நாள் வந்தது, 285. நாற்காலியைப் பற்றி வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கவனித்தாரோ இல்லையோ. 15 வெள்ளி பிடித்தது தலையணை உறைக்கு. கோடாலித் தைல வாசனை போகவில்லையாம்.