பட்டமளிப்புக்குக் கைத்தறி அங்கவஸ்திரம் வேண்டும்

திண்டுக்கல் பக்கம் சிறிய கலைக் கல்லூரி. மார்ச் 14 பட்டமளிப்பு, 132 பேர். வாடகைக் கறுப்பு அங்கி எல்லாம் பாலியஸ்டர். அந்த வெயிலில் பிள்ளைகள் நனைந்துபோகிறார்கள். விழா உடைக்குக் கைத்தறியைப் பயன்படுத்தச் சொல்லி 2019-லேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. அதைக் காட்டியதும் முதல்வரும் சரி என்றுவிட்டார்.

சிக்கல் அங்கவஸ்திரத்தின் கரையில். துறைவாரியாக மெரூன், மஞ்சள், நீலம். சின்னாளப்பட்டியில் இரண்டு நெசவாளர்களைக் கேட்டேன். நிறத்துக்கு நிறம் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) மாற்ற வேண்டும், இவ்வளவு குறைவாக என்றால் கட்டுப்படியாகாது என்றார்கள். நியாயம்தான். ஈரோட்டில் கிடைத்தது விசைத்தறித் துணி. கரையை அச்சிட்டும் பார்த்தோம், ஒரே சலவையில் சாயம் போய்விட்டது. வீட்டில் முதல் பட்டதாரி பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் துணி அது, மனம் ஒப்பவில்லை.

வெள்ளைப் பருத்தி, நீளம் 2 மீட்டர், கரை 2 அங்குலம், ஒன்றுக்கு 350 ரூபாய் வரை. கையில் 7 வாரம்.

நிறத்துக்கு 44 வீதம் நெய்து தரும் கைத்தறிக்காரர் யாரையாவது தெரியுமா?