ராட்செட்டுக்குத் தமிழ்ச் சொல்: ‘கருக்குச் சாவி’ என்னும் முன்மொழிவும் மறுப்புகளுக்கு விடையும்

அன்புள்ள குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டின் மேற்குச் சுவரில் ஒரு தேக்குப் பலகையை அடித்து, பதினைந்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த கைக்கருவிகளை அதில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் வெள்ளை வண்ணத்தில் கோடிட்டு, அதன் கீழே பெயரையும் எழுதி வருகிறேன். சுத்தியல், குறடு, அரம், உளி, திருப்புளி, ரசமட்டம் என்று எழுதிக்கொண்டு போனபோது கை எங்கும் நிற்கவில்லை. ஸ்பேனரை ஸ்பேனர் என்றே எழுதினேன். ஊரே அப்படித்தான் சொல்கிறது, அதில் எனக்குக் குறையும் இல்லை. நட்டைத் திருகும் கருவியான ராட்செட் மாட்டிய ஆணிக்குக் கீழே மட்டும் மூன்று மாதமாக வெற்றிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வண்டி வேலை செய்ய வரும் தெருப் பிள்ளைகள் நால்வரும் அதை ராச்செட், ரேச்சட், ரேஞ்சட் என்று விதவிதமாகச் சொல்வதைக் கேட்ட பிறகுதான், இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்வியை இக்குழுவில் எழுப்பினேன். அதற்கு வந்த விடைகள் அனைத்தையும், நான் சுருக்கமாகச் சொல்லியிருந்த ‘கருக்குச் சாவி’க்கு வந்த மறுப்புகளையும் படித்தேன். ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசி, என் முன்மொழிவையும் காரணத்தோடு வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றி, அதைக் கையில் எடுத்திராத அன்பர்களுக்காகச் சில சொற்கள். ராட்செட்டின் தலைக்குள்ளே ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது. அதன் பற்களில் ஒரு துண்டு இரும்பு, வில்லின் அழுத்தத்தால் எப்போதும் பதிந்தபடி நிற்கிறது. பிடியை ஒரு பக்கம் தள்ளினால் அந்தத் துண்டு பல்லைப் பிடித்துக்கொள்ள, நட்டு திரும்புகிறது. பிடியை எதிர்ப்பக்கம் இழுத்தால் துண்டு பல்லின் மேல் ஏறி வழுக்கி, கட்கட்டென்ற ஒலியோடு அடுத்த பல்லில் விழுகிறது. நட்டு அசையாமல் நிற்க, கை மட்டும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. ஸ்பேனரை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டிய வேலை இதனால் இல்லாமல் போகிறது.

இது எவ்வளவு பெரிய உதவி என்பதை வண்டியின் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தில் கை விட்டவர்கள் அறிவார்கள். அறுகோண நட்டில் நேரான வாய் கொண்ட ஸ்பேனரை அடுத்த பிடிக்கு மாற்ற 60 பாகை திருப்ப வேண்டும். ஸ்பேனரின் வாயை 15 பாகை சாய்த்துச் செய்வதற்குக் காரணமே, அதைப் புரட்டிப் போட்டுப் பிடித்தால் 30 பாகை போதும் என்பதுதான். பன்னிரண்டு முனை கொண்ட ரிங் ஸ்பேனருக்கும் அதே 30 பாகை வேண்டும். ராட்செட்டிலோ 24 பல் இருந்தால் 15 பாகையும், 36 பல் இருந்தால் 10 பாகையும், 72 பல் இருந்தால் வெறும் 5 பாகையும் போதும். ஐந்து பாகை என்பது பிடியின் நுனியில் ஓர் அங்குலம்கூட இல்லை. அந்த ஓர் அங்குல இடத்துக்குள் கையை முன்னும் பின்னும் ஆட்டியே ஒரு போல்ட்டை முழுதும் கழற்றிவிடலாம். ஆகவே, இந்தக் கருவியின் உயிர் அதன் பல்லில் இருக்கிறது. பெயரும் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

கோவை அன்பர் ‘ஒருதிசை முடுக்கி’ என்றார். பொருள் தெளிவாக இருக்கிறது. ‘ஆணியை முடுக்கு’ என்பது பட்டறையில் புழங்கும் வழக்குத்தான். ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. நம் பிள்ளைகள் பள்ளியில் திசைவேகம் மாறும் வீதத்தை முடுக்கம் என்று படிக்கிறார்கள், அதன் வழியே வண்டியின் ஆக்சிலரேட்டரை முடுக்கி என்று எழுதும் வழக்கமும் வந்துவிட்டது. ஒரே வண்டியில் வேகம் கூட்டுவதும் முடுக்கி, நட்டைத் திருப்புவதும் முடுக்கி என்றால் குழப்பமே மிஞ்சும். மேலும், முடுக்குதல் என்பது இறுக்குவதை மட்டுமே சொல்லும். என் அனுபவத்தில் இக்கருவியின் பாதி வேலை கழற்றுவதுதான். தலையிலுள்ள சிறு நெம்பைத் தள்ளினால் திசை மாறிக்கொள்ளும் கருவியை ‘ஒருதிசை’ என்பதும் முழுமையாகப் பொருந்தவில்லை.

‘பற்சக்கரக் குறடு’ என்று எழுதிய நண்பரிடம் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். குறடு கையின் அழுத்தத்தால் கவ்விப் பிடிக்கும். கையைத் தளர்த்தினால் பிடியும் தளரும். ஸ்பேனர் இனம் எதையும் கவ்வுவதில்லை. அளவு பொருந்துவதால் மட்டுமே அது திருப்புகிறது. குறட்டால் நட்டைத் திருப்பி அதன் முனைகளை மழுக்கிவிடுவதுதான் புதிதாக வேலை பழகுகிறவர்கள் செய்யும் முதல் தவறு. அந்தத் தவற்றைப் பெயரே கற்றுக்கொடுப்பதாக ஆகிவிடக் கூடாது.

ராட்செட் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று பெங்களூரிலிருந்து எழுதிய பொறியாளர் நண்பரின் கருத்தை நான் ஒதுக்கவில்லை. நட்டு, போல்ட்டு, ஸ்பேனர் ஆகியவற்றைப் போல அதுவும் வேரூன்றியிருந்தால் நானே அதை எழுதியிருப்பேன். ஊரில் அது இன்னும் வேரூன்றவில்லை என்பதற்கு நான்கு பிள்ளைகளின் வாயில் பிறந்த உச்சரிப்புகளே சான்று. வேரூன்றாத இடத்தில் நம் சொல்லை நட்டுப் பார்க்க இன்னும் காலம் இருக்கிறது.

என் சொல் எனக்குக் கிடைத்த இடம் கொல்லுப் பட்டறை. சென்ற தை மாதத்தில், அறுப்புக்கு முன்பாக, பக்கத்துக் கிராமத்தில் கருக்கரிவாள்களுக்குக் கருக்கு, அதாவது விளிம்பில் சிறு பற்கள், வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் அருகில் உட்கார்ந்திருந்தேன். அரிவாளைச் சிறு பட்டடையின் மேல் சாய்த்து வைத்து, ஒரு கூரிய உளியை விளிம்பில் நேராக நிறுத்தாமல் சரித்து நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. உளியை ஒரு நூல் நகர்த்தி மீண்டும் ஒரு தட்டு. அந்தப் பற்கள் அனைத்தும் பிடிப் பக்கமாகவே சாய்ந்திருந்தன. அவர் என் விரலைப் பிடித்து விளிம்பின் மேல் வைத்துப் பிடியை நோக்கித் தடவச் சொன்னார், வழுக்கிக்கொண்டு போனது. நுனியை நோக்கி மெல்ல இழுக்கச் சொன்னபோது தோலில் பற்றியது. ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடிக்கும். ராட்செட்டின் பல் செய்வதும் இதைத்தானே என்று அப்போதுதான் தோன்றியது.

ஆகவே என் முன்மொழிவு இது. ஒருபுறம் சாய்ந்த பல்வரிசைக்குக் கருக்கு. அத்தகைய பல் கொண்ட சக்கரத்துக்குக் கருக்குச் சக்கரம். பல்லில் பதியும் இரும்புத் துண்டுக்கு நாக்கு. கருவிக்குக் கருக்குச் சாவி.

கருக்கு என்ற சொல்லின் சிறப்பு, அது தனியாக வராமல் தன் வினைகளையும் உடன் அழைத்து வருகிறது என்பதில் இருக்கிறது. கருக்கு பிடிக்கும், கருக்கு மழுங்கும், கருக்கு தேயும், கருக்கு வைக்கலாம். பழைய ராட்செட் ஒன்று நழுவினால் ‘கருக்கு மழுங்கிவிட்டது’ என்று சொல்லலாம். கேட்பவருக்கு விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. நாம் ஆக்கும் பல கலைச்சொற்கள் அகராதியில் பெயராக மட்டும் நின்றுவிடுவதற்குக் காரணம், அவற்றோடு சேர்த்துப் பேச வினை இல்லாமையே என்று நான் நம்புகிறேன். திருப்பும் உளியைத் திருப்புளி என்றும், இழைக்கும் உளியை இழைப்புளி என்றும் பெயரிட்டவர்கள் கையிலிருந்த சொல்லிலிருந்தே பெயரை வளர்த்தார்கள். அதனால்தான் அவை நிலைத்தன.

நாக்கு என்பதற்கு மாற்றாக, தேவகோட்டை ஐயா அவர்கள் ‘முட்டு’ என்று எழுதியிருந்தார்கள். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முன்னே முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவதைக் கண்டு வளர்ந்த நம் பக்கத்தாருக்கு அது உடனே விளங்கும், எனக்கும் மிகப் பிடித்த சொல்தான். இருந்தாலும் முட்டுக்கட்டையை ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் போட்டு எடுக்க வேண்டும். ராட்செட்டின் துண்டோ தானே எழும்பித் தானே விழுகிறது. பழைய பூட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு, வில்லின் அழுத்தத்தில் உள்ளே போய் வெளியே வரும் துண்டை நாக்கு என்று சொல்வது பழக்கம். அசைவின் தன்மை ஒத்திருப்பதால் நாக்கையே தேர்கிறேன்.

இந்த நாக்கின் ஒலியை நான் கருவிக்கு முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் வளவில் தொங்கிய எட்டு நாள் கடிகாரத்துக்கு, வெள்ளிக்கிழமை காலையில் ஐயா சாவி கொடுப்பார்கள். அப்பச்சியை, அதாவது தந்தையைப் பெற்றவரை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். நாற்காலியின் மேல் ஏறி நின்று அவர்கள் சாவியைத் திருகத் திருக, கட்கட்கட் என்ற ஒலி பட்டாலை வரை கேட்கும். சுருட்டிய வில் திரும்ப அவிழ்ந்துவிடாமல் காப்பது உள்ளே இருக்கும் கருக்குச் சக்கரமும் நாக்குமே. சைக்கிளின் பிரீவீலிலும் அதே அமைப்புத்தான். மிதிக்காமல் உருட்டிச் செல்லும்போது கேட்கும் ஒலி அதுவே. ஆக, இச்சொல் ஒரு கருவிக்கு மட்டும் உரியதாக நின்றுவிடாமல், அந்த அமைப்பு உள்ள எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

சாவி என்பது பற்றித்தான் கடுமையான மறுப்பு வந்தது. முதலில் நானும் ‘கருக்குத் திருகி’ என்றே எழுதி வைத்திருந்தேன். திருச்சி அம்மையார், சாவி தமிழ்ச் சொல் இல்லை என்றும், வண்டிச் சாவியோடு குழம்பும் என்றும் இரண்டு காரணம் காட்டினார்கள். சாவி போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது என்பது உண்மையே. அலமாரியும் ஜன்னலும் வந்த வழியில்தான் அதுவும் வந்தது. அம்மொழியில் அதே சொல் பூட்டின் திறவுகோலையும் ஸ்பேனரையும் ஒருங்கே குறிக்கிறது என்பதையும் கருத வேண்டும். பொருந்தினால் மட்டுமே திரும்பும் என்பது இரண்டுக்கும் பொதுவான இயல்பு அல்லவா? குழப்பத்தைப் பொறுத்தவரை, தனியே ‘சாவி’ என்றால் வண்டிச் சாவிதான், அதை மாற்ற நான் முயலவில்லை. ‘கருக்கு’ என்ற அடைமொழி முன்னே வந்தபின் மயக்கத்துக்கு இடமில்லை. பிள்ளைகளிடம் இரண்டு வாரம் திருகி என்றும் இரண்டு வாரம் சாவி என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ‘திருகியை எடு’ என்றபோது இருமுறை திருப்புளி கைக்கு வந்தது. ‘கருக்குச் சாவியை எடு’ என்றபோது ஒருமுறையும் தவறவில்லை.

கருக்கு என்பதற்குத் தீய்த்தல் என்ற பொருளும், பனைமட்டையின் முள்விளிம்பு என்ற பொருளும் உண்டு என்றார் ஒருவர். பனங்கருக்கு நமக்குத் துணையாகவே நிற்கிறது. தீய்த்தல் வினை, இது பெயர். இடம் பார்த்துப் பொருள் கொள்வது தமிழருக்குப் புதிதன்று.

பெயர் கருவியின் பலவீனத்தையும் நினைவூட்ட வேண்டும் என்று நான் விரும்புவதற்குச் சொந்த அனுபவம் ஒன்று காரணம். துருப்பிடித்த பின்சக்கர அச்சு நட்டைக் கழற்ற, அரை அங்குலச் சதுர முனை கொண்ட ராட்செட்டின் பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகி முழு உடலின் எடையையும் போட்டேன். நட்டு அசையவில்லை, தலைக்குள் ஒரு சிறு ஒலி கேட்டது, அதன்பின் பிடி இரு பக்கமும் தடையின்றிச் சுழன்றது. பின்மூடியின் இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தபோது, நாக்கின் முனை நொய்யரிசி அளவுக்கு உடைந்து எண்ணெய்ப்பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இறுகிய நட்டை முதலில் பல் இல்லாத நீளப் பிடியால் இளக்கிவிட்டு, இளகிய பிறகே ராட்செட்டை எடுக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். கருக்கு என்று கேட்டவுடன் அங்கே மெல்லிய பல் இருக்கிறது, அதை வதைக்கக் கூடாது என்ற எண்ணம் வரும். ‘ஒருதிசை முடுக்கி’ அந்த எச்சரிக்கையைத் தராது.

ராட்செட்டின் தலையில் மாட்டி நட்டின் மேல் கவிழ்க்கும் கிண்ணமான சாக்கெட்டுக்குச் ‘சுரை’ என்று நான் எழுதியதை, தோட்டின் திருகாணி சென்று பொருந்தும் குழலுக்கு அப்பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அது நட்டுக்கே நெருக்கம் என்று சொல்லி மறுத்தீர்கள். மறுப்பு சரியானது. அதை இப்போதைக்குத் திரும்பப் பெறுகிறேன். சாக்கெட் தனி இழையில் பேசப்படட்டும்.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், பர்மா தேக்குத் தூண்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் இடையே, சில சமயம் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவுமுறை ஸ்பேனர்கள் கிடைக்கின்றன. அவற்றில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்கும். இது தெரியாமல் வாங்கிச் சென்று பொருந்தவில்லை என்று திரும்பி வருபவர்களைக் கண்டிருக்கிறேன். பெயரும் எண்ணும் எதைச் சுட்டுகின்றன என்ற கேள்வி இத்துறையில் எவ்வளவு நடைமுறை சார்ந்தது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

மறுப்பு உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுமாறு வேண்டுகிறேன். வெற்றிடத்தின் அகலம் ஏழு எழுத்துக்குச் சரியாக இருக்கிறது. நேற்று மாலையே பிள்ளைகளில் இளையவன் அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ‘கருக்குச் சாவி’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். வண்ணம் அடிப்பதை மட்டும் ஞாயிறு வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து