‘செயற்கை நாள அடைப்பு’ அன்று, ‘பொருத்துகுழல் குறுகல்’

அன்புடையீர், வணக்கம்.

பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வலது கீழறையையும் நுரையீரல் தமனியையும் இணைக்க வைக்கப்படும் குழல், ஆண்டுகள் செல்லச் செல்ல இரத்தத்துக்குப் போதிய வழி விடாத நிலையைச் ‘செயற்கை நாள அடைப்பு’ என்று வழங்கலாம் என முன்மொழியப்பட்டுள்ளது. இச்சொல்லின் மூன்று உறுப்புகளும் எனக்கு உடன்பாடில்லை.

1966இல் இலண்டனில் இதய அறுவை மருத்துவர் டொனால்ட் ராஸ் ஒரு குழந்தைக்குப் பொருத்தியது, இறந்தவர் ஒருவரிடமிருந்து வால்வோடு எடுத்த மகாதமனி. இன்று மாட்டின் கழுத்துச் சிரையும் பயன்படுகிறது. டாக்ரான் என்னும் செயற்கை இழையால் ஆன துணிக்குழல் இவற்றுள் ஒரு வகை மட்டுமே என்பதால், ‘செயற்கை’ பொருந்தாது. ‘நாளம்’ உடலுக்கே உரியதைக் குறிக்கும். எனவே ‘பொருத்துகுழல்’ என்ற வினைத்தொகை போதும்.

என் முதன்மையான மறுப்பு ‘அடைப்பு’ என்பதன் மீதுதான். மாரடைப்பைக் கேட்டே பழகிய ஒரு தாயிடம் ‘குழாயில் அடைப்பு’ என்றால், இரத்தம் உறைந்து வழி திடீரென மூடிக்கொண்டதாகவே அவர் அஞ்சுவார். உண்மையில் இது மெல்ல நிகழ்வது. தமனிக்குழலின் சுவரில் சுண்ணம் ஏறி விறைக்கிறது. டாக்ரான் குழலுக்குள் நார்த்திசு படிந்து தடிக்கிறது. தமனியோடு தைத்த இடம் சுருங்குகிறது. சிலருக்கு மார்பெலும்பு குழலை அழுத்துகிறது. அப்போதும் கீழறை கூடுதல் அழுத்தத்தோடு இரத்தத்தைத் தள்ளிவிடுவதால், குழந்தை நெடுநாள் ஓடியாடிக்கொண்டே இருக்கும். கீழறைச் சுவர் தடிப்பதையும் குழலின் இரு முனைகளுக்கிடையே அழுத்த வேறுபாடு ஏறுவதையும் எக்கோ பரிசோதனைதான் காட்டும். இப்படி இரத்த ஓட்டம் நெடுநாள் குறையாததால், ‘ஓட்டக்குறைவு’ என்று மாற்றிச் சொன்னாலும் பிழைபடும்.

இன்னொரு காரணம் இளம் நோயாளிகளுக்கே உரியது. கைக்குழந்தைக்கு வைத்த 12 மில்லிமீட்டர் குழல் எவ்விதப் பழுதும் இல்லாமல் இருந்தாலும், அது வளராது, பிள்ளை வளர்ந்துவிடும். பத்து வயதில் அதே குழல் போதாமல் போகிறது. இங்கே எதுவும் அடைக்கவில்லை, எதுவும் சுருங்கவுமில்லை. ஆகவே ‘குறுக்கம்’ என்பதும் முழுமையாகப் பொருந்தாது. ‘குறுகலான தெரு’ என்னும்போது, அது முன்பு அகலமாக இருந்து ஒடுங்கியதா, போக்குவரத்து பெருகியதால் இடம் பற்றவில்லையா என்று நாம் பிரிப்பதில்லை; ‘குறுகல்’ நிலையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது அந்தப் பொதுமைதான். காரணங்களுக்குச் ‘சுண்ணப்படிவு’, ‘உட்பட்டை’ (உள்ளே படிந்த நார்த்திசு), ‘இணைப்புக் குறுக்கம்’, ‘அளவு பற்றாமை’ என்று தனித்தனிச் சொற்களை வைத்துக்கொள்ளலாம். நான்காவதைப் ‘போதாமை’ என்று ஆக்கினால், வால்வு பின்னோக்கிக் கசியும் நோயோடு குழம்பிவிடும்.

சிகிச்சையைச் சொல்லும்போதும் இதுவே இயல்பாக அமைகிறது. 2000இல் பாரிசில் இதய மருத்துவர் பிலிப் பொன்ஹோஃபர், பழுதுபட்ட குழலுடைய 12 வயதுச் சிறுவனுக்கு, மாட்டுச் சிரை வால்வைத் தைத்த வலைக்குழாயை (ஸ்டென்ட்) நெஞ்சைத் திறக்காமல் வடிகுழாய் (கதீட்டர்) வழியே செலுத்திப் பொருத்தினார். அங்கிருந்து எதுவும் அகற்றப்படவில்லை. குழலுக்குள்ளேயே புதிய வால்வு விரித்து வைக்கப்பட்டது. ‘குறுகலை விரித்தல்’ என்றால் இது விளங்கும். ‘அடைப்பை நீக்குதல்’ என்றால் நடக்காத ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

இச்சொல்லுக்கு முன் ‘நாட்பட்ட’ என்ற அடைமொழியைச் சேர்த்தால், அது நோய் நெடுநாளாக இருப்பதைக் குறிக்கும். பொருத்திப் பல ஆண்டுகளுக்குப் பின் தோன்றுவதற்குப் ‘பிற்கால’ என்பதே சரி. ‘பிற்காலப் பொருத்துகுழல் குறுகல்’ என்ற முழு வடிவத்தை இதைப் படிக்கும் மருத்துவர்கள் தம் நோயாளிகளின் பெற்றோரிடம் சொல்லிப் பார்த்து, அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று எழுத வேண்டுகிறேன்.