மறு: டயர்க் கையேட்டுச் சொல்லடைவு – ‘குளிர் அழுத்தம்’ வேண்டாம், ‘ஆறிய அழுத்தம்’ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

மாற்றியமைத்த கார்களின் டயர் காற்றழுத்தம் பற்றி நாம் தொகுத்துவரும் கையேட்டின் சொல்லடைவில், ‘கோல்ட் பிரஷர்’ (ஓடாமல் நின்று சூடு இறங்கிய டயரின் காற்றழுத்தம்) என்பதற்கு ‘குளிர் அழுத்தம்’ என்று இட்டிருப்பது பொருந்தாது என்று சென்ற வாரம் ஒரே வரியில் எழுதியிருந்தேன். காரணம் கேட்டுச் சிலர் எழுதியிருப்பதால் இப்போது விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

> சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் குழப்பம் வராதே?

வந்தது, ஐயா, என் வண்டியிலேயே வந்தது. 165/80 ஆர்14 டயரோடு (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 80 விழுக்காடு, சக்கரம் 14 அங்குலம்) தொழிற்சாலையிலிருந்து வந்த சிறிய கார் அது. இப்போது அதில் 17 அங்குல அலாய் வீலும் 205/45 ஆர்17 டயரும் இருக்கின்றன. சென்ற மே மாதம் ஒரு நாள் விடியற்காலையில் வீட்டு வாசலிலேயே அளந்து நான்கு சக்கரத்திலும் 32 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினேன். நண்பகல் வாக்கில் நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தியபோது, காற்றுப் பிடிக்கும் தம்பி தானாகவே கேஜை (அழுத்தமானியை) வைத்துப் பார்த்துவிட்டு, “சார், முப்பத்தேழு காட்டுது, எறக்கிடட்டுமா?” என்றான். குளிர் அழுத்தம் 32தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். “இந்த வெயில்ல ஏது சார் குளிரு?” என்று சிரித்துக்கொண்டே நான்கையும் 32க்கு இறக்கிவிட்டான். தேநீர்க் குவளையோடு நின்றிருந்த நானும் தடுக்கவில்லை. மறுநாள் காலையில் கேஜின் முள் 27க்கும் 28க்கும் நடுவில் நின்றது.

அவன்மேல் தவறில்லை, நான் சொன்ன சொல்லைத்தான் அவன் கேட்டான். தமிழில் குளிர் என்பது தட்பநிலையைக் குறிக்கும் சொல். ஊட்டியில் குளிர் உண்டு, மார்கழியில் குளிர் உண்டு. 38 பாகை கொளுத்தும் சென்னையில் நிழலில் நிற்கும் காரின் டயரைக் குளிர்ந்தது என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். ஆனால் டயர்த் தொழிலின் வரையறைப்படி, மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மிகாமல் மெதுவாக ஓடிய டயர் எதுவோ, அதன் அழுத்தமே ‘கோல்ட்’ அழுத்தம். அங்கே பேசப்படுவது டயர் எத்தனை பாகையில் இருக்கிறது என்பதன்று. ஓடியதால் ஏறிய சூடு இறங்கிவிட்டதா என்பதே. அந்தச் செய்தியைச் சொல்ல நம் அடுப்படியில் நெடுங்காலமாக ஒரு வினை இருக்கிறது. காப்பி ஆறிவிட்டது என்றால் அது குளிர்பெட்டியிலிருந்து வந்ததாக யாரும் எண்ணுவதில்லை. சூடாக இருந்தது, வைத்திருந்ததில் சூடு போய்விட்டது, அவ்வளவுதான். ஆறிய சோறும் அப்படியே. ‘குளிர்’ நிலையை மட்டும் சொல்கிறது. ‘ஆறிய’ என்பது அந்த நிலைக்கு வந்த வழியையும் சேர்த்துச் சொல்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. நாள் முழுவதும் நின்றிருந்தாலும் ஒரு பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும் காரில், வெயில் படும் டயர் இரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டக்கூடும். ‘ஓடாத டயர்’ என்று வரையறுத்தால் அந்த அளவு சரியென்று ஆகிவிடும். ‘ஆறிய’ என்றால் நிழலும் வேண்டும் என்பது கேட்பவருக்குத் தானே விளங்கிவிடும்.

> ‘ஓய்வு அழுத்தம்’ என்றால் என்ன குறை?

அழகான சொல். ஆனால் தேநீர்க் கடையில் பத்து நிமிடம் நிறுத்திய காரும் ஓய்வில்தான் இருக்கிறது, டயரோ சுட்டுக்கொண்டிருக்கிறது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அந்தப் பத்து நிமிடப் பேர்வழிகளைத்தான் இந்தச் சொல் தடுத்தாக வேண்டும். ‘நிலையழுத்தம்’ என்பது பாய்ம இயக்கவியலில் வேறொன்றுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. அதைத் தொட வேண்டாம்.

> அழுத்தம் எப்படி ஆறும்? ஆறுவது டயர் அல்லவா?

இதுதான் வலுவான மறுப்பு. முழு வடிவம் ‘ஆறிய டயரின் அழுத்தம்’ என்பதே. வழக்கில் நடுவிலுள்ள ‘டயரின்’ உதிர்ந்துவிடுகிறது. ஆய்வகத்தில் ‘வெறும் வயிற்றுச் சர்க்கரை’ என்கிறோம். வெறுமையாக இருப்பது வயிறு, அளக்கப்படுவது இரத்தத்தின் சர்க்கரை. ஆயினும் அந்தத் தொடரில் யாரும் இடறியதில்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லாத சர்க்கரை எண் பயனற்றது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். டயருக்கும் அதே நிலைதான். ஓட்டத்துக்கு முன்னா பின்னா என்று தெரியாமல் 32 என்பதற்குப் பொருளில்லை.

> ‘ஆறழுத்தம்’ என்று சுருக்கலாமே?

சுருக்கினால் வினைத்தொகையாகக் காலம் கரந்து நிற்கும். நமக்கோ இறந்தகாலம் கண்டிப்பாக வேண்டும். ஆறிக்கொண்டிருக்கும் டயரை அளப்பதே இங்கே நடக்கும் பிழை. தவிர, ‘ஆறழுத்தம்’ என்பதைக் கண்டவர் முதலில் எண்ணிப் பார்ப்பது ஆறு வகை அழுத்தங்கள் எவை என்றுதான்.

இனி, மாற்றியமைத்த வண்டிக்கு இந்தச் சொல் ஏன் கூடுதலாக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலை நிலையிலேயே உள்ள காருக்கு ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் ஒட்டிய அட்டை இருக்கிறது. அதைப் பார்த்துக் காற்றுப் பிடித்தால் போதும். அளவை மாற்றியவருக்கு அந்த அட்டை தொடக்கப்புள்ளி மட்டுமே. என் வண்டியையே எடுத்துக்கொள்வோம். விட்டம் ஏறத்தாழ ஒத்துப்போகிறது: பழைய டயர் 619.6 மில்லிமீட்டர், புதியது 616.3. சுமையில்தான் சிக்கல். பழைய டயரின் சுமைக் குறியெண் 85, அதாவது 515 கிலோ. 205/45 ஆர்17 டயரின் வழக்கமான வகைக்கு 84, அதாவது 500 கிலோ. அது பழையதைவிடக் குறைவு என்பதால் கூடுதல் சுமை வகையில் 88, அதாவது 560 கிலோ கொண்டதை வாங்கினேன். எண்ணைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. ஆனால் பழைய டயர் தன் 515 கிலோவை 250 கிலோபாஸ்கலில், அதாவது 36 பிஎஸ்ஐயில் தாங்கும்; புதியது தன் 560 கிலோவை 290 கிலோபாஸ்கலில், அதாவது 42 பிஎஸ்ஐயில்தான் தாங்கும். அட்டையில் உள்ள 30ஐயே புதிய டயருக்கும் வைத்தால் அது பழையதைவிடச் சற்றுக் குறைந்த சுமையையே தாங்குகிறது. கணக்குப் போட்டதில் ஏறத்தாழ இரண்டு பிஎஸ்ஐ கூட்டினால் பழைய தாங்குதிறன் கிடைத்தது. 32 என்பது அப்படி வந்த எண். இந்த எண்கள் அத்தனையும் ஆறிய அழுத்தங்கள். அந்தத் தம்பி இறக்கியதை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சக்கரத்திலும் ஏறத்தாழ 50 கிலோ தாங்குதிறனை நான் தேநீர் குடிக்கும் நேரத்தில் இழந்திருக்கிறேன்.

நாலைந்து பிஎஸ்ஐ பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அப்போது எழுந்த வழக்காடல்களில், ஃபோர்டு எக்ஸ்புளோரர் காருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ போதுமா, டயர் நிறுவனம் சொன்ன 30 வேண்டுமா என்பதும் ஒரு பெரிய சர்ச்சையாக இருந்தது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி விரிகிறது, அதனால் உள்ளே சூடு ஏறுகிறது. சூடான டயரைப் பார்த்துக் காற்றை இறக்குபவர் மேலும் சூடேறவே வழி செய்கிறார்.

எதிர்ச்சொல்லாக ‘சுட்ட அழுத்தம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சுட்ட அப்பளம், சுட்ட பழம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ‘ஓடிய அழுத்தம்’ போதும். ஆறிய, ஓடிய என்று இரண்டும் பெயரெச்சமாகவே அமைகின்றன. பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் ஓடிய அழுத்தத்தைத்தான் இலக்காக வைத்துப் பின்னோக்கி ஆறிய அழுத்தத்தைக் குறிக்கிறார்கள் என்பதால் நமக்கு இரண்டுமே தேவைப்படும்.

சொல்லடைவுக்கு என் வரைவு இது:

ஆறிய அழுத்தம்: வண்டி மூன்று மணி நேரமாவது நிழலில் நின்று, ஓட்டத்தாலும் வெயிலாலும் ஏறிய சூடு இறங்கிய டயரின் உட்காற்று, வெளிக்காற்றைவிடக் கூடுதலாகத் தரும் அழுத்தம். அட்டையிலும் சுமை அட்டவணையிலும் காணும் எண்கள் இதையே குறிக்கும்.

‘வெளிக்காற்றைவிடக் கூடுதலாக’ என்பதை வரையறையில் விட்டுவிடக் கூடாது. கேஜ் 32 காட்டும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் உள்ளே முழு அழுத்தம் ஏறத்தாழ 46.7 பிஎஸ்ஐ; வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும் என்ற கணக்கு அந்த முழு அழுத்தத்தை வைத்தே வருகிறது. இலங்கை நண்பர்கள் ‘ரயர்’ என்று எழுதுவதால், வரையறையில் ‘டயர்’ என்ற வடிவத்தோடு அதையும் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை.

வரைவில் ‘மூன்று மணி நேரம்’ என்ற அளவை வைத்துக்கொள்வதா, ‘சூடு இறங்கிய’ என்பதோடு நிறுத்துவதா என்பதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். அச்சுப்படி திங்களன்று போகிறது.

அன்புடன்.