டைப் 1 பிள்ளையும் என்ஐஓஎஸ் தேர்வும்: அனுமதி வாங்கியவங்க சொல்லுங்க

வணக்கம். பொண்ணுக்கு 14 வயசு, டைப் 1 சர்க்கரை நோய் (இன்சுலின் ஊசி போட்டே ஆகணும்), வீட்டுக்கல்வி. என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாவது எழுதப் போறா. தேர்வறைக்குள்ள குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பவுடர் கொண்டுபோக யாராவது அனுமதி வாங்கியிருக்கீங்களா? டாக்டர் சான்றிதழை ஸ்டடி சென்டரில் கொடுக்கணுமா, மண்டல அலுவலகத்திலா? உடம்பில் ஒட்டியிருக்கிற சர்க்கரை சென்சாரோட ரீடிங் போனில்தான் வருது. போனை உள்ளே விடமாட்டாங்களே.

இன்னொண்ணு, தேர்வு மதியம் 2.30-க்கு. 1 மணிக்கு ஊசி போட்டுச் சோறு சாப்பிட்டா, ரேபிட் (வேகமா வேலை செய்யுற) இன்சுலின் உச்சத்துக்கு வர்றதே கேள்வித்தாள் கையில் வாங்குற நேரத்தில்தான். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினா (லோ) 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். இதில் போன நேரத்தை ஈடுகட்டித் தருவாங்களா? லோ ஆகக்கூடாதுன்னு டோஸைக் குறைச்சா, பதற்றமும் சேர்ந்து 250 தாண்டிடுது. அப்புறம் தாகம், அடிக்கடி பாத்ரூம். சாப்பாட்டை 11.30-க்கே மாத்திப் பார்த்தவங்க இருக்கீங்களா? டோஸ் அளவு கேட்கலைங்க, அதை டாக்டரிடம் பேசிக்கிறோம்.